பழைய புல்வெட்டு டிராக்டரின் பி.டி.ஓ. கிளச்: லீவரா, கரண்டா?

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் துரை பங்களா, ஹோட்டல் புல்தரை என்று பழைய தோட்ட டிராக்டர்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் இஞ்சினின் சுற்றலைப் பிளேடுக்குக் கொடுக்கவும் துண்டிக்கவும் செய்கிற பி.டி.ஓ. கிளச் போனால் ஒன்றில் பிளேடு சுற்றாது, அல்லது சுற்றியது நிற்காது. கழற்றிய பிறகு கராஜில் எழும் கேள்வி ஒன்றுதான்: இருக்கிற லீவர் கிளச்சுக்கே புது லைனர் (உராய்ந்து பிடிக்கும் பட்டை) அடித்துப் பூட்டுவதா, மின்சாரக் கிளச்சுக்கு மாறுவதா?

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விலை கேட்பதற்கு முன் இஞ்சினின் ஸ்டேட்டர் (பட்டரியைச் சார்ஜ் பண்ணும் கொயில்) எத்தனை அம்பியர் தருகிறது என்று பாருங்கள். பாதித் தீர்ப்பு அங்கேயே இருக்கிறது. மின்சாரக் கிளச்சின் கொயில் பெரும்பாலும் 2 முதல் 4 ஓம். 3 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 4 அம்பியர், அதுவும் பிளேடு சுற்றுகிற நேரம் முழுக்க. பழைய சிறிய இஞ்சின்கள் சிலவற்றில் சார்ஜிங்கே 3 அம்பியர்தான். வரவை விடச் செலவு கூடினால் பட்டரி இறங்கும், காந்தப் பிடி தளரும், கிளச் வழுக்கிக் கருகும். பழி புதுக் கிளச்சின் மேல் விழும். 15 அம்பியர் சார்ஜிங் உள்ள இஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். காபரேட்டர் இஞ்சின் இங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துதான் ஓடுகிறது. மின்சாரக் கிளச் சுவிட்ச் போட்ட கணமே கவ்வும். பனி ஊறிய உயரப் புல்லுக்குள் நிறுத்திக்கொண்டு போட்டால் இஞ்சின் திணறி நின்றுவிடும். லீவரை இரண்டு மூன்று வினாடி எடுத்து மெதுவாக விடலாம். அதற்கு மேல் இழுத்தால் லைனர் கருகும்.

ஆனால் நிறுத்துவதில் மின்சாரக் கிளச்தான் மேல். கரண்ட் போனதும் ஆர்மேச்சர் (காந்தம் இழுக்கும் தட்டு) பிரேக்கில் ஒட்டி, சில வினாடிகளில் பிளேடை நிறுத்தும். சீட் சுவிட்சோடு இணைத்தால் ஓட்டுபவர் எழுந்தாலே நிற்கும். சரிவான புல்தரையில், பக்கத்தில் ஆட்கள் குப்பை பொறுக்கும் இடத்தில், இது சின்ன விஷயமில்லை.

பூட்டும் வேலைக்கு வருவோம். எதைத் தொட்டாலும் முதலில் பிளக் வயரைக் கழற்றுங்கள். பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தூசியை காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைப்பதே சரி.

லீவர் கிளச்சைக் கெடுப்பது பெரும்பாலும் கழற்றும்போதுதான். பழைய கப் கெடட் (Cub Cadet) டிராக்டர் மாதிரிகளில் பெல்ட் ஓடும் புலியின் (pulley) பெயரிங்கை கிராங்கில் பிடித்திருப்பவை மூன்று துளைகளில் ஆறு தலையில்லாத ஆலன் ஸ்குரூ. துளைக்கு இரண்டு, வெளியே இருப்பது உள்ளே இருப்பதைப் பூட்டுகிறது. மூன்றை மட்டும் எடுத்துவிட்டு புல்லர் போட்டு இழுத்தால் கிராங்கில் கீறல் விழும். திரும்பப் பூட்டும்போது உள் ஸ்குரூவை இறுக்கிவிட்டு அதன்மேல் வெளி ஸ்குரூவை இறுக்க வேண்டும்.

லைனர் அடிக்கக் கொடுக்கும்போது தேயாத பழைய தடிப்பைக் கலிப்பரில் அளந்து சொல்லுங்கள். கூடினால் கிளச் முழுதாக விடாது. குறைந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்து வழுக்கும். அடித்து வந்த தட்டைக் கண்ணாடி மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் திருப்பிக் கொடுங்கள். கிளச்சின் உள்ளே விரல் போல நிற்கும் மூன்று சிறு லீவர்களும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று முந்தினால் தட்டு சாய்ந்து, கிளச் பிடிக்கும்போது நடுங்கும். கடைசியாக, கிளச் பிடித்திருக்கும்போது, அதை விடுவிக்கத் தள்ளும் பட்டன் உரசக் கூடாது. 1.5 மி.மீ. அளவு இடைவெளி விடாவிட்டால் பட்டன் சுற்றிச் சுற்றித் தேய்ந்துபோகும்.

மின்சாரக் கிளச்சுக்கு மாறுவதானால் முதலில் கிராங்க் தண்டின் தடிப்பு: 1 அங்குலமா, 1⅛ அங்குலமா? புஷ் செருகிச் சமாளிக்கும் யோசனை வேண்டாம். அதிர்வில், தண்டோடு கிளச்சைப் பிணைக்கும் சாவி வெட்டுப்படும். புலி விட்டமும் பழையதேதான். பெரிதானால் பிளேடு அளவுக்கு மீறிச் சுற்றும். தண்டைத் துருநீக்கி, இறுகி ஒட்டாமல் தடுக்கும் கிறீஸ் மெல்லிசாகப் பூசி, கையால் தள்ளி ஏற்றுங்கள். சுத்தியல் பட்டால் பெயரிங் போச்சு. நடு போல்ட் பெரும்பாலான கிளச்சுகளில் 50 முதல் 55 அடி-இறாத்தல், அதாவது ஏறக்குறைய 70 நியூட்டன் மீட்டர். உடல் சுற்றாமல் தடுக்கும் தகட்டை மட்டும் இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். அந்த வெட்டில் கொஞ்சம் அசைவு இருந்தால்தான் பெயரிங் பிழைக்கும்.

ரோட்டருக்கும் ஆர்மேச்சருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிபார்க்கும் மூன்று துவாரங்களிலும் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு மூன்று நட்டையும் மாறி மாறி இறுக்குங்கள். வழக்கமான அளவு 0.25 முதல் 0.38 மி.மீ. பிறகு இஞ்சினை அரை வேகத்தில் வைத்து, 10 வினாடி போட்டு 10 வினாடி நிறுத்தி, ஐந்தாறு தடவை பழக்குங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே புல்லுக்குள் இறக்கினால் புதுக் கிளச்சே வழுக்கும்.

ஸ்டேட்டர் சிறிது, கிராங்க் நல்ல நிலை, லைனர் அடிக்கிற கைகாரர் பக்கத்தில் என்றால் லீவர் கிளச்சே எங்கள் தேர்வு. பெயரிங்கில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். சார்ஜிங் போதுமாக இருந்து, பலர் மாறி மாறி ஓட்டும் டிராக்டர் என்றால் மின்சாரம். கிளச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டே ஓட்டுகிற கை எல்லா இடத்திலும் இருக்கிறது.

மழை மாதங்களில் டிராக்டர் வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். லீவர் கிளச் என்றால் விலக்கிய நிலையில் நிறுத்துங்கள், லைனர் தட்டில் ஒட்டாது. மின்சாரக் கிளச் என்றால் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி நாலைந்து தடவை போட்டு நிறுத்தினால் ரோட்டரில் படியும் துரு தேய்ந்துபோகும்.