யூசர் நொதிக் கலவை: பழங்காலக் குதிரை எலும்புக்கு வாங்கலாமா?

நியூ இங்கிலாந்து பயோலேப்ஸ் நிறுவனத்தின் இந்த யூசர் (USER) கலவை, பழைய டி.என்.ஏ.வில் சைட்டோசின் என்ற காரம் (டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து) சிதைந்து உருவான யூராசிலை வெட்டி நீக்குகிறது. 37 டிகிரியில் 3 மணி நேரம் வைத்தால் போதும். யூராசில் தைமின் என்ற வேறு காரமாகப் படிக்கப்படுவதால் வரும் போலி மாற்றங்கள் வெகுவாகக் குறையும். போட்டாய்க் குதிரையா (கசகஸ்தானின் பழங்காலக் குதிரை), வோல்கா-டான் கிளையா (இன்றைய வீட்டுக் குதிரைகளின் மூதாதை) என்று பிரித்தறிய இந்தச் சுத்தம் மிகவும் உதவும்.

ஆனால் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஏறிய சைட்டோசின் சிதைந்தால் தைமினாகிவிடும். அதை நொதி தொடாது. அதனால் சிபிஜி இடங்களில் (சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும், மெத்தில் பெரும்பாலும் ஏறும் இடங்கள்) பிழை தங்கும், வடிகட்டியே தீரவேண்டும். இழைகளும் குட்டையாகும், 30 காரங்களுக்குக் கீழே போனவற்றை ஜீனோமில் நம்பிப் பொருத்த முடியாது.

சிதைவுத் தடம்தான் பழமைக்குச் சான்று, அதை இந்த நொதி பெரும்பாலும் அழித்துவிடும். எனவே முதலில் எலும்பிலிருந்து எடுத்த டி.என்.ஏ. சாற்றில் கொஞ்சத்தை நொதி சேர்க்காமல் லைப்ரரியாக்கி (வரிசை படிக்கத் தயாரான இழைத் தொகுப்பாக்கி)ச் சோதியுங்கள். மீதிக்கு மட்டும் இதைச் சேருங்கள். உட்காது எலும்பிலிருந்து எடுத்த நல்ல சாறு என்றால் தாராளமாக வாங்கலாம். டி.என்.ஏ. அருகிப்போன மாதிரிக்கு வேண்டாம்.