கொள்ளிடம் நீந்துபவனுக்கு மதிப்பெண் இல்லை

ஆகஸ்டில் ஊருக்குப் போனால் வங்கி, பத்திர வேலை, குலதெய்வம் என்று விடுமுறை கரைந்துவிடும். இம்முறை அவற்றோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது. அக்கா மகன் தீயணைப்பாளர் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். சான்றிதழ்களுக்கு அலைய வீட்டில் ஆள் இல்லை. “மாமா சும்மாதானே இருக்கிறான், அவனோடு போய் வா” என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

எங்கள் ஊர் மயிலாடுதுறை மாவட்டத்தில், கொள்ளிடக் கரையில். நான் இருப்பது பாரீசில். அங்கே தீயணைப்பு வீரர் என்றால் ராணுவ வீரர். 1810இல் ஆஸ்திரியத் தூதரக விருந்தில் தீப்பிடித்துப் பலர் இறந்தபின், 1811இல் நெப்போலியன் அமைத்த படை இன்றுவரை தரைப்படையின் பகுதியாகவே இருக்கிறது. ஆகவே ‘நகரத் தீயணைப்பு வேலை’ என்றால் நகராட்சியில் விண்ணப்பிப்பது என்ற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஊரில் பலருக்கு இருக்கிறது. தஞ்சாவூரும் கும்பகோணமும் மாநகராட்சிகள்தாம்; ஆனால் அங்கே வண்டியில் தொற்றிக்கொண்டு போகும் தீயணைப்பாளர் மாநில அரசின் ஆள். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கு ஆளெடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்.

வாரியத்தின் கணக்கில் இது தனித் தேர்வும் அல்ல. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் என்று மூன்றுக்கும் ஒரே அறிவிப்பு, ஒரே விண்ணப்பம். 2025இல் மொத்தம் 3,665 இடங்கள். அதில் தீயணைப்பாளர் 631. பெரும்பாலான பையன்கள் மனத்தில் காக்கியைத்தான் வைத்திருக்கிறார்கள். தீயணைப்பு கிடைத்தால் அதுவும் சரி என்பார்கள். எங்கள் பையன் தீயணைப்பைத்தான் முதலில் வைத்திருந்தான். அதனாலேயே எனக்கு அவன் பின்னால் அலைய மனம் வந்தது.

பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் இனத்தவருக்கு 31. தேர்வுக் கட்டணம் 250 ரூபாய். இதெல்லாம் எளிது. உயரம்தான் பலரை வாசலிலேயே நிறுத்துகிறது: 170 செ.மீ., பட்டியல் இனத்தவருக்கு 167. மார்பு சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். ஒரு வருடம் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டிய பிறகு 168 என்று அளவுகோல் சொன்னவர்களின் கதை எங்கள் தெருவிலேயே இருக்கிறது. பையனைப் பயிற்சிக்கு அனுப்பும் முன் சுவரோடு நிற்க வைத்து அளந்து பாருங்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

சான்றிதழ் அலைச்சலுக்கு வருகிறேன். இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு 60 ரூபாய், கணினியில் பதிவு, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி. நான் ஊரில் இருந்த காலத்தில் வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து வாங்கியதை நினைத்தால் இது சொர்க்கம். ஆனால் கணினிக்குப் பின்னால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் அவர்களுக்கு மேல் ஒருவரும் அதே பழைய வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலெழுத்து ஆதாரில் பெயருக்கு முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால். இதற்கே ஒரு வாரம் போயிற்று. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதையாகவே நாளை வரச் சொன்னார்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஒன்றாம் வகுப்பு முதலே தமிழ்வழி என்று காட்டவேண்டும். இவன் ஐந்து வரை ஒரு பள்ளி, பிறகு வேறொன்று. ஆக, இரண்டு தலைமையாசிரியர்கள், இரண்டு முத்திரைகள். முதல் பள்ளியில் முத்திரை இருந்தது, மைத்தட்டு காய்ந்திருந்தது. அலுவலக உதவியாளர் அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, சட்டைப்பையிலிருந்த பேனா மூடியால் தேய்த்து, பழைய வருகைப் பதிவேட்டில் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சான்றிதழில் வைத்தார். காத்திருந்த நேரத்தில் நடையில் பார்த்தேன்: சிவப்பு வாளிகளில் மணல், சுவரில் தீயணைப்பான், அதன் கழுத்தில் காலாவதித் தேதி எழுதிய அட்டை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் கருகியதற்குப் பிறகு வந்த வாளிகள் இவை. அதற்கு முன் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் கீற்றுக் கூரை யார் கண்ணையும் உறுத்தியதில்லை.

எழுத்துத் தேர்வு இரண்டு பகுதி. தமிழ்த் தகுதித் தேர்வில் 80க்கு 32 எடுத்தால்தான் அடுத்த தாளையே திருத்துவார்கள். முதன்மைத் தேர்வு 70 கேள்விகள்: பொது அறிவு 45, உளவியல் 25. உடல்திறனுக்கு 24 மதிப்பெண், என்.சி.சி., நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டுச் சான்றுகளுக்கு 6. ஆக நூறு.

உடல்திறன் பயிற்சியைப் பார்க்க விடியுமுன் அவனோடு போனேன். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். தவறினால் மேற்கொண்டு எதுவும் இல்லை. பிறகு கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். தூங்குமூஞ்சி மரக் கிளையில் தடித்த கயிறு தொங்கியது. ஐந்து மீட்டரில் ஒரு சிவப்புத் துணி, ஆறு மீட்டரில் இன்னொன்று. முதலாவதைத் தொட்டால் ஒரு நட்சத்திரம், இரண்டாவதைத் தொட்டால் இரண்டு; நட்சத்திரத்தைப் பொறுத்துத்தான் மதிப்பெண். கையால் மட்டும் ஏறப் பார்த்த பையன்கள் பாதியில் சறுக்கினார்கள். எங்கள் பையன் கயிற்றை வலது பாதத்தின் மேல் போட்டு இடது பாதத்தால் அமுக்கி, முழங்காலை மார்புவரை இழுத்து, நிமிர்ந்து, மறுபடி இழுத்தான். மேலே போய்த் துணியைத் தட்டிவிட்டு இறங்கும்போது மட்டும் அவசரப்பட்டுக் கயிற்றை உருவவிட்டான்.

அங்கே ஒரு பையன் இருந்தான். கொள்ளிடத்தில் உபரி நீர் வந்த நாட்களில் கன்றுக்குட்டி ஒன்றை இழுத்துக் கரை சேர்த்தவனாம். ஓட்டத்தில் சுமார், கயிற்றில் சுமார். அவனுடைய நீச்சலுக்கு இந்த நூறு மதிப்பெண்ணில் ஒன்றுகூட இல்லை. பிரான்சில் பாரீசுக்கு வெளியே தொழில்முறைத் தீயணைப்பாளராகப் போட்டித் தேர்வு எழுதுபவர் 50 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். டெல்டாவுக்கு அதைவிடப் பொருத்தமான தேர்வு வேறென்ன? ஜூனில் மேட்டூர் திறந்தால் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர். ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் நிற்பது யார்? ஐப்பசிக் கடைமுழுக்கில் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் காவல் நிற்பது யார்? பக்கத்து நிலையத்தில் விசாரித்தபோது, அங்கிருந்த மூத்த தீயணைப்பாளர் சிரித்தார். “தீயை விடப் பாம்புக்குத்தான் அதிகம் போகிறோம் சார். கிணற்றில் மாடு, ஆற்றில் ஆள், வைக்கோல் போர், கடைசியில்தான் வீடு.” நீச்சல் பயிற்சி சேர்ந்த பிறகு உண்டே என்றேன். “சேர்ந்த பிறகு கற்றுக்கொள்கிறவன் வேறு, ஆற்றங்கரையில் பிறந்தவன் வேறு” என்றார். துறையின் பெயரிலேயே ‘மீட்பு’ இருக்கிறது, தேர்வில்தான் காணோம்.

இன்னொரு குறையும் உண்டு. அக்காவுக்கு மகளும் இருக்கிறாள், அண்ணனைவிட வேகமாக ஓடுவாள். தமிழ்நாட்டில் தீயணைப்பாளர் இடங்கள் ஆண்களுக்கு மட்டும். 2003இல் பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் அதிகாரிகளாகவே இத்துறைக்குள் வந்தார்கள். வண்டியில் ஏறும் கடைநிலைக் கதவு இன்னும் திறக்கவில்லை. பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் காரைக்கால். அது புதுச்சேரி அரசின் தீயணைப்புத் துறை; அவர்கள் பெண் தீயணைப்பாளர்களுக்கும் அறிவிப்பு வெளியிட்டவர்கள். ஒரே காவிரித் தண்ணீர், நடுவில் ஒரு சோதனைச் சாவடி.

நான் திரும்பிய பிறகு, நவம்பர் 9 அன்று தேர்வு நடந்தது. எழுதிவிட்டு மறுநாளே கயிற்றடிக்குப் போய்விட்டானாம். உள்ளங்கை உரிந்திருக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னால் பிடி வழுக்கும் என்று கேட்கமாட்டேன் என்கிறான், நீயாவது சொல் என்று அக்கா தொலைபேசியில் புலம்பினாள். அவன் சொல்வதுதான் சரி என்றேன். போனை வைத்துவிட்டாள்.