அலுவலகக் காப்புறுதி பல்லுக்கு எதுவரை கைகொடுக்கும்? கொழும்பு ஊழியர் ஒருவரின் மதிப்பீடு

கொழும்பில் தனியார் நிறுவனங்களில் பணிபுரியும் பலருக்குத் தொழில்தருநர் ஒரு குழு மருத்துவக் காப்புறுதியை எடுத்துத் தருகிறார். அதன் நன்மைகள் அட்டவணையில், மூக்குக்கண்ணாடிச் செலவுக்கான வரிக்கு அருகிலோ கீழேயோ, பற்சிகிச்சை என்று ஒரு வரி இருக்கும். எங்கள் நிறுவனத்தின் திட்டத்தைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வார்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் போதனா வைத்தியசாலைக்கும் வீட்டாரை அழைத்துச் சென்றிருக்கிறேன். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் என் முடிவு இது: பல்லிலும் வாயிலும் பெரிய சிக்கல் வரும்போது நம்மைத் தாங்குவது அரச சேவைதான், அலுவலகத் திட்டம் ஆண்டுதோறும் ஒரு சிறு செலவை ஈடுசெய்கிற கொடுப்பனவு மட்டுமே. அந்த அளவுக்கே எதிர்பார்த்துப் போனால் அலுவலகத் திட்டத்தாலும் நல்ல பயன் உண்டு.

முதலில் அலுவலகத் திட்டம். எங்கள் திட்டத்தில் வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு ஒரு பெரிய வரம்பும், வெளிநோயாளர் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் வரம்பும் இருக்கின்றன. பல்லுக்கும் கண்ணாடிக்கும் சேர்த்து 15,000 ரூபாய் என்பது அந்த 40,000 ரூபாய்க்கு உள்ளே அடங்கும் உப வரம்பு. அது தனியாகக் கிடைக்கும் தொகை அன்று. ஆண்டின் தொடக்கத்திலேயே காய்ச்சலுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் வெளிநோயாளர் வரம்பைச் செலவழித்துவிட்ட ஒருவருக்கு, ஒக்டோபரில் பல் வலித்தால், அட்டவணையில் எழுதியுள்ள 15,000 ரூபாயும் கிடைக்காமற் போகலாம். துணைவரும் பிள்ளைகளும் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தால், வரம்பு ஒவ்வொருவருக்குமா அல்லது முழுக் குடும்பத்துக்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும். எங்கள் திட்டத்தில் அது முழுக் குடும்பத்துக்கும் பொதுவானது. நால்வர் கொண்ட ஒரு வீட்டில், ஒருவருக்குக் கண்ணாடி மாற்றினாலே பல்லுக்கு என்று மிஞ்சுவது சொற்பம்.

அடுத்தது விலக்குகள். பல் பிடுங்குவதும், சாதாரணமாகப் பல் அடைப்பதும், அவற்றுக்கான எக்ஸ்ரே படமும் மருந்தும் எங்கள் திட்டத்தில் ஏற்கப்படுகின்றன. வேர்க்கால்வாய் சிகிச்சையும் ஏற்கப்படுகிறது. ஆனால் அந்தச் சிகிச்சை முடிந்தபின் பலவீனமாகிவிடும் கடைவாய்ப் பல்லைக் காப்பதற்குப் பொருத்தும் கிரவுன் ஏற்கப்படுவதில்லை. இந்தப் பிரிப்பு எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. நரம்பை அகற்றி உள்ளே நிரப்பிய கடைவாய்ப் பல் மேலுறை இல்லாமல் மெல்லும் அழுத்தத்தைத் தாங்காது பிளக்கக்கூடும் என்பதால்தான் வைத்தியர்கள் கிரவுனை வலியுறுத்துகிறார்கள். அதை அழகுக்கான செலவு என்று ஒதுக்கிவிடுவது, சிகிச்சையின் முதற் பாதிக்குப் பணம் கொடுத்து, பலன் தரும் மறுபாதியை ஊழியரின் சட்டைப்பைக்கு விடுவதாகும். கொழும்பின் தனியார் சிகிச்சை நிலையங்களில் இரண்டு பாதிகளுக்கும் சேர்த்து ஆகும் செலவு, மேலே சொன்ன உப வரம்பைப் போலப் பன்மடங்கு. கம்பி போட்டுப் பல்லைச் சீராக்குவது, பல்லை வெண்மையாக்குவது, இம்ப்ளான்ட், பொய்ப்பல் ஆகியன விலக்குப் பட்டியலில் இருப்பது பொதுவான வழக்கம். அவற்றுள் பொய்ப்பல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சரியாகச் சாப்பிட முடிவது அழகு சம்பந்தப்பட்ட விடயம் அன்று.

இதைவிட வருத்தம் தருவது, ஸ்கேலிங் என்னும் பல் சுத்திகரிப்பு நோய்த்தடுப்பு என்ற காரணத்தால் மறுக்கப்படுவது. ஈறுநோய் வலியின்றி வளர்வது. படிந்த காரையை உரிய காலத்தில் அகற்றாவிட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு குறைந்து, நல்ல பல்லும் ஆடத் தொடங்கும். குறைந்த செலவில் முடியும் வேலைக்குப் பணம் தராமல், அது வளர்ந்து பல்லைப் பிடுங்கும் நிலைக்கு வந்தபின் பணம் தருகிற ஏற்பாடு காப்புறுதி நிறுவனத்துக்கும் இலாபமானதன்று என்றே நினைக்கிறேன்.

2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்ததை இங்கே மறக்கக்கூடாது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைக் கடந்தது. பல் அடைக்கும் பொருள், மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்து, எக்ஸ்ரே உணரி, கிரவுனுக்கான பீங்கான் எனப் பல் வைத்தியரின் மேசையில் உள்ளவற்றுட் பெரும்பகுதி இறக்குமதி. கட்டணங்கள் உயர்ந்தன, எங்கள் உப வரம்போ அதற்கு முந்திய காலத்தில் எழுதப்பட்ட அதே எண்ணில் நிற்கிறது.

இனி அரச பக்கம். நாட்டின் அரச வைத்தியசாலைகளில் பற்சிகிச்சையும் இலவச மருத்துவ சேவையின் ஒரு பகுதி; அங்கே வரம்பும் இல்லை, கோரிக்கைப் படிவமும் இல்லை, வேலையை விட்டாலோ ஓய்வு பெற்றாலோ அது நின்றுவிடுவதும் இல்லை. தேசிய பல் போதனா வைத்தியசாலையில் சாதாரண வெளிநோயாளர் சிகிச்சைக்கு அப்பால், வாய், முகம், தாடை சத்திரசிகிச்சைக்கும், பல் சீரமைப்புக்கும், பல்லை மீளக் கட்டியமைக்கும் சிகிச்சைக்கும் விசேட நிபுணர்களின் பிரிவுகள் இருக்கின்றன. எலும்புக்குள் சாய்ந்து புதைந்த ஞானப்பல், தாடை முறிவு, நீர்க்கட்டி போன்றவற்றை நாள்தோறும் கையாளும் கைகள் அங்கே உள்ளன. 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் உண்டு; அவற்றில் பணியாற்றும் சிகிச்சையாளர்கள் மஹரகமவில் பயிற்சி பெற்றவர்கள். பிள்ளையின் சூத்தைப் பல்லுக்காகக் குடும்ப வரம்பைச் செலவழிக்கும் பெற்றோர், முதலில் பாடசாலையில் விசாரிப்பது நல்லது.

வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களிடையே முதன்மையான புற்றுநோயாக இருந்து வருகிறது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அதற்கு முக்கிய காரணங்கள். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ மாறாத படலம், இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகிய அறிகுறிகள் தெரிந்தால், காப்புறுதி அட்டையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. அரச பல் வைத்தியரிடம் உடனே காட்ட வேண்டும். அங்கிருந்து மேலதிக பரிசோதனைக்கும், தேவைப்பட்டால் மஹரகமவில் உள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கும் செல்லும் வழி ஏற்கெனவே அமைந்திருக்கிறது. வெற்றிலை போடும் பெரியவர்கள் உள்ள வீடுகளில் இதை உரக்கவே சொல்ல வேண்டும்.

அரச சேவையின் விலை நேரம். காலையிலேயே சென்று இலக்கம் எடுக்க வேண்டும். பல முறை வர வேண்டிய சிகிச்சைகளுக்கும், குறிப்பாகப் பல் சீரமைப்புக்கும், காத்திருப்போர் பட்டியல் நீளமானது. நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கு இது சிறு விலை அன்று. மாதச் சம்பளம் பெறும் நம்மைப் போன்றோர், சத்திரசிகிச்சையும் நிபுணரின் கருத்தும் தேவைப்படும் வேளையில் அரச வைத்தியசாலையை நாடி, அவசர வலிக்கும் வேர்க்கால்வாய் சிகிச்சைக்கும் அலுவலக வரம்பை ஒதுக்கி வைப்பதே பொருத்தம். அவ்வாறு தனியாரிடம் போகும்போது, சிகிச்சை பல அமர்வுகளாக நடக்குமானால், காப்புறுதி ஆண்டு முடியும் திகதியைக் கவனித்து, அவசரமில்லாத பகுதியைப் புதுப்பித்தலுக்குப் பின் செய்யலாமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். மருத்துவ ரீதியாகக் காத்திருக்க முடியாது என்று அவர் சொன்னால் அதுவே முடிவு.

அரச ஊழியர்களுக்கு அக்ரஹார என்ற காப்புறுதி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் அதை நடத்துகிறது. அதிற் பல படிநிலைகள் உள்ளமையால், பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்தது தமக்கும் கிடைக்கும் என்று எண்ணாமல், தத்தமது படிநிலைக்குரிய அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

கோரிக்கை நடைமுறையில் எங்கள் திட்டத்துக்கு நல்ல மதிப்பெண் தரலாம். உரிய ஆவணங்கள் இருந்தால் பணம் தாமதமின்றி வருகிறது. எந்தப் பல்லுக்கு என்ன செய்யப்பட்டது என்ற விவரம், மூலப் பற்றுச்சீட்டு, இலங்கை மருத்துவ சபையின் பதிவிலக்கத்துடன் கூடிய வைத்தியரின் முத்திரை ஆகியன கேட்கப்படுகின்றன. "பற்சிகிச்சை" என்று ஒரே சொல்லில் எழுதிய பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு வெளியேறாதீர்கள். ஞானப்பல் சத்திரசிகிச்சை வெளிநோயாளர் வரம்பில் வருமா, தங்கிப் பெறும் சிகிச்சை வரம்பில் வருமா என்பதை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரியது. மறுக்கப்பட்டால், ஒப்பந்தத்தின் எந்த வாசகத்தின்படி மறுப்பு என்பதை எழுத்தில் கோருங்கள். காப்புறுதி நிறுவனத்துடன் தீராத பிணக்குக்கு, முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனும், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கின்றன.

குழுக் காப்புறுதியில் ஒப்பந்தக்காரர் நிறுவனமே; அட்டவணையை மாற்றக் கேட்கக்கூடியதும் அதுவே. ஆகவே எங்கள் மனிதவளப் பிரிவிடம் அடுத்த புதுப்பித்தலுக்கு மூன்று மாற்றங்களை எழுத்தில் கேட்டிருக்கிறேன்: பல்லையும் கண்ணாடியையும் பிரித்தல், ஆண்டுக்கு ஒரு ஸ்கேலிங்கை ஏற்றல், வேர்க்கால்வாய் சிகிச்சைக்குப் பின்னான கிரவுனை விலக்குப் பட்டியலிலிருந்து நீக்குதல். கட்டுப்பணம் சற்று உயர்ந்தாலும் அதில் ஒரு பங்கை ஊழியர்களாகிய நாங்கள் ஏற்கத் தயார் என்றும் குறிப்பிட்டிருக்கிறேன்.