கணப்பு எரியுது, ப்ளோயர் ஓடல: ஊர்ல ஆறு நாள் ஒரு மோட்டாரோட

இந்தத் தடவை ஊருக்குப் போனது பதினெட்டு நாள் லீவுல, அதுல ஆறு நாள் ஒரு சின்ன மோட்டார் பின்னாடியே போச்சு. இதே பிரச்சனை வேற வீட்டுலயும் வரலாம், முக்கியமா வெளிநாட்டுலேர்ந்து சாமான் வாங்கிட்டுப் போய் மாட்டி விடறவங்க வீட்டுல, அதனால நடந்ததை விவரமா எழுதறேன்.

எங்க வீடு மலை மேல. அப்பா அம்மா ரெண்டு பேரும்தான் இருக்காங்க, அம்மாவுக்கு மூட்டு வலி, குளிர் வந்துட்டா ராத்திரி தூக்கமே கிடையாது. பழைய திறந்த கணப்புல விறகு எரிஞ்சா சூட்டுல பெரும்பகுதி புகைக்கூண்டு வழியா மேல போயிடும், கிட்டக்க உக்காந்தா முகம் சுடும் முதுகு குளிரும். அதான் நானும் தம்பியும் பேசி, அந்த மாடத்துக்குள்ளயே கதவு வச்ச இரும்புப் பெட்டி ஒண்ணு செஞ்சு மாட்டச் சொன்னோம். அதுக்கு ஒரு ப்ளோயர் செட், அதாவது அறைக் காத்தைப் பெட்டியைச் சுத்தி ஊதி சூடா வெளிய அனுப்பற மோட்டார் விசிறி, நான் இருக்கற நாட்டுல வாங்கி, போன தடவை வந்த உறவுக்காரங்க கையில குடுத்து விட்டேன். அது நம்ம கரண்ட்டுக்கு ஒத்துவராதுன்னு தெரியும், அதனால 230 வோல்ட்டைப் பாதியாக் குறைக்கற ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒண்ணையும் சேர்த்தே வாங்கியாச்சு. எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கோம்னு நிம்மதியா இருந்தேன்.

போன அன்னிக்கு ராத்திரி அப்பா விறகு அடுக்கிப் பத்த வச்சார். தீ நல்லா எரியுது, கண்ணாடிக்குப் பின்னால பார்க்கவே அழகா இருக்கு, ஆனா மேல இருக்கற கம்பி இடுக்குலேர்ந்து காத்தே வரல. ஒரு மணி நேரம் ஆச்சு. அம்மா போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு மெதுவா சொன்னாங்க, "அது வந்ததுலேர்ந்து ரெண்டு மூணு தடவைதான் ஓடிச்சு, உங்கிட்ட சொன்னா அங்க உக்காந்துக்கிட்டு கவலைப்படுவேன்னு சொல்லல." வாரா வாரம் போன்ல "நல்லா இருக்கு, சூடா இருக்கு"ன்னு சொன்னதெல்லாம் எனக்காகத்தான்னு அப்போதான் புரிஞ்சுது. அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல.

மறுநாள் காலைல பெட்டி மாட்டினவங்களுக்கு போன் பண்ணினேன். ரெண்டு மணி நேரத்துல ரெண்டு பசங்க வந்து நின்னாங்க, இதை நான் பாராட்டியே ஆகணும், நான் இருக்கற இடத்துல ஒரு ரிப்பேர் ஆளைப் பிடிக்க வாரக்கணக்குல காத்திருக்கணும். ஆனா வந்தவங்க என்ன செஞ்சாங்கன்னா, கணப்பு சில்லுனு இருக்கறப்பவே ஸ்விட்ச் போட்டாங்க, ஓடல, "மோட்டார் போயிடுச்சு மேடம், வேற வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டு அப்பாவைப் பார்த்து கையெழுத்து கேட்டாங்க. தீயே மூட்டாம எப்படிப்பா சொல்றீங்கன்னு கேட்டேன், பதில் இல்ல. ப்ளோயர் நாங்க குடுத்ததில்லைன்னாங்க, அது நியாயம்தான், அதை நான் குறை சொல்லல.

தீ மூட்டாம பார்த்தா ஏன் ஓடாதுன்னா, இந்த மாதிரி ப்ளோயர்ல ஒரு சின்ன வில்லை இருக்கும், ஸ்னாப் டிஸ்க்னு பேரு. ரெண்டு உலோகம் சேர்ந்த தகடு அது, ஆறி இருக்கறப்போ கரண்ட்டை விடாது. அது தொட்டுக்கிட்டு இருக்கற இரும்பு கிட்டத்தட்ட 45 டிகிரி செல்சியஸுக்கு வந்ததும் தகடு டக்னு வளைஞ்சு காண்டாக்ட் சேரும், மோட்டார் ஓடும், தீ அணைஞ்சு 30 டிகிரி வாக்குல இறங்கினதும் தானா நிறுத்திடும். தீ பத்த வச்சு அரை மணி முக்கா மணி ஆகலாம் அது சேர. ஆக, ஆறின கணப்புல ப்ளோயர் ஓடலைன்னா அது பழுதே இல்ல, அது அப்படித்தான் இருக்கணும்.

அடுத்து தெருக்கோடியில இருக்கற எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். நல்ல பையன், முதல்ல ப்ளக்கைப் பிடுங்கினார், கீழ் மூடியைக் கழட்டினார், டிஸ்க்குக்குப் போற ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்திட்டு திரும்ப ப்ளக்கைச் சொருகினார், ப்ளோயர் சர்ருனு ஓடிச்சு. அப்போ மோட்டார்ல உயிர் இருக்கு. "அப்படியே டைரக்டா விட்டுடலாம்க்கா, வேணும்னா போட்டுக்கட்டும்"ன்னார். நான் வேணாம்னுட்டேன். அப்பாவுக்கு ஞாபக மறதி இருக்கு, தீ அணைஞ்ச பின்னாடியும் ராத்திரி முழுக்க அது ஓடி அம்மா மேல குளிர்காத்தை ஊதிக்கிட்டே இருக்கும், அதைவிட வினை வேற வேணாம்.

டார்ச் அடிச்சு ரெண்டு பேரும் தரையில படுத்துப் பார்த்தோம். டிஸ்க் ஒரு தகட்டுக் கைல மாட்டியிருக்கு, அது அந்த இரும்புப் பெட்டியோட அடிப்பக்கத்தை அழுத்தித் தொடணும். தொடல. மாட்டறப்போ சிந்தின சிமென்ட் ஒரு சுண்டைக்காய் அளவுக்கு அங்க காய்ஞ்சு கெட்டியாகி தகட்டைக் கீழ தள்ளியிருக்கு, இடையில விசிட்டிங் கார்டு தாராளமா நுழையுது. அந்த இடைவெளியில இருந்த காத்துச் சூடு அதுக்குப் போதல, எப்பவாவது பெருந்தீ எரிஞ்ச நாள்ல மட்டும் சேர்ந்திருக்கு, அம்மா சொன்ன அந்த ரெண்டு மூணு தடவை அதுதான். ஸ்க்ரூ ட்ரைவரால சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, தகட்டுக் கையைக் கொஞ்சம் மேல வளைச்சு விட்டோம், முறுக்கின ஒயரைப் பிரிச்சு பழையபடி மாட்டினோம். அன்னிக்கு சாயங்காலம் தீ வச்சு இருபத்தெட்டாவது நிமிஷம் டக்னு சத்தம், காத்து வந்துச்சு, வெதுவெதுன்னு. அம்மா கையை நீட்டி வச்சுக்கிட்டாங்க.

நாப்பது நிமிஷம் ஓடிச்சு. அப்புறம் நின்னுடுச்சு.

தீ நல்லாத்தான் எரியுது, இரும்பு கொதிக்குது, ஆனா ப்ளோயர் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு தானா ஓடுது, திரும்ப நிக்குது. இங்க ஆளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. விறகு ஈரம்னார் ஒருத்தர், அது பொய்யில்ல, ஈர விறகு சூடு தராது, பிளந்து உள்பக்கம் வச்சுப் பார்த்தா ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், ஆனா அதனால நடுவுல நிக்காது. புகைக்கூண்டு அடைச்சிருக்கும்னார் இன்னொருத்தர். இதை நிறைய பேர் குழப்பிக்கறாங்க. புகை போற வழி வேற, ப்ளோயர் காத்து போற வழி வேற, ப்ளோயர் அறைக் காத்தைக் கீழ இழுத்து இரும்புப் பெட்டியைச் சுத்தி அனுப்பி மேல விடும், தீ பக்கமே அது போகாது. ப்ளோயர் காத்துல புகை வாசனை வந்தா கதவிடுக்கை அடைக்கற கயிறோ பெட்டியோட வெல்டிங்கோ விட்டிருக்குன்னு அர்த்தம், அது ஆபத்து, உடனே தீயை அணைய விட்டுட்டு அதைத்தான் பார்க்கணும். எங்களுக்கு அப்படி எதுவும் இல்ல. புது பெட்டியில முதல் சில தீயில பெயின்ட் இறுகற நாத்தம் மட்டும் இருந்துச்சாம், அதுக்கு ஜன்னலைத் திறந்து வச்சா போதும்.

நான் ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சேன், எத்தனை மணிக்கு ஓடிச்சு எத்தனை மணிக்கு நின்னுச்சுன்னு. ரெண்டு ராத்திரி எழுதினதுல ஒண்ணு தெரிஞ்சுது, முதல் ஓட்டம் நீளமா இருக்கு, அடுத்தடுத்தது குறைஞ்சுக்கிட்டே வருது. அதைப் பார்த்த எலக்ட்ரீஷியன் தம்பிதான், "இது எனக்குப் புரியலக்கா, மோட்டாருக்குக் காயில் கட்டறவர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட காட்டுங்க"ன்னார். தெரியலன்னு சொல்லி சரியான ஆளைக் கை காட்டினாரே, அதுக்காகவே அடுத்த தடவையும் அவரைத்தான் கூப்பிடுவேன்.

அந்தப் பெரியவர் கடைக்கு ப்ளோயரைக் கழட்டி எடுத்துக்கிட்டு நானும் அப்பாவும் போனோம். அறுபது தாண்டின ஆள், கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு பம்ப் செட் மோட்டார் ஒண்ணைக் கட்டிக்கிட்டு இருந்தார். எங்க மோட்டாரை வாங்கி எதையும் கழட்டல, ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டியோட சேர்த்து ஓட விட்டுட்டு ஸ்டூல் போட்டு உக்காந்துட்டார். காது குடுத்துக் கேட்டார். கால் மணி நேரம் கழிச்சு புறங்கையை மோட்டார் மேல வச்சு உடனே எடுத்தார்.

"அடுப்புல மாட்டாமயே இப்படிக் கொதிக்குதே. எந்த ஊர் மோட்டார்ம்மா இது?"

சொன்னேன். கண்ணாடியை இறக்கி பேர்ப்பலகையைப் படிச்சார். 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

"வோல்ட்டை இறக்கிட்டீங்க, சைக்கிளை என்ன செஞ்சீங்க?"

எனக்கு அந்த இடத்துல தலை சுத்திச்சு. ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாத்தும், ஃப்ரீக்வென்சியை மாத்தாது. ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை கரண்ட் முன்னும் பின்னுமா போய் வருதுங்கற கணக்கு அது, அதைத்தான் அவர் சைக்கிள்னார், நம்மகிட்ட வர்றது 50. அறுபது சைக்கிளுக்குக் கட்டின காயில் ஐம்பதுல ஓடினா இரும்புக்குள்ள காந்தம் அளவுக்கு மீறி ஏறும், கரண்ட் அதிகமா இழுக்கும், சூடாகும். அதே மோட்டாரை ஐம்பதுல பத்திரமா ஓட்டணும்னா 115 இல்ல, ஏறக்குறைய 96 வோல்ட்தான் குடுக்கணும். எங்க வீட்டுல ராத்திரி கரண்ட் 240 வரைக்கும் ஏறும், அப்போ பெட்டி 120 குடுக்கும், இன்னும் மோசம். போதாததுக்கு வேகம் ஆறுல அஞ்சு பங்காக் குறைஞ்சிடும், தன்னைத் தானே ஆத்திக்கற காத்தும் குறையும். காயிலுக்குள்ள ஒரு சின்ன ப்ரொடெக்டர் இருக்கு, சூடு மீறினா கட் பண்ணும், ஆறினா சேர்க்கும். நான் நோட்டுல எழுதினது பூரா அது கட் ஆகி சேர்ந்த கணக்குதான். அது மட்டும் இல்லாம இருந்திருந்தா அந்த வீட்டுல என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு.

வேற மோட்டார் வாங்கிடலாமான்னு அப்பா கேட்டார். "எதுக்கு, தண்டும் விசிறியும் நல்லா இருக்கு, காயிலை மாத்திக் கட்டிடறேன், 230க்கு நேரா போடலாம், அந்தப் பெட்டியே வேணாம்"ன்னார். பழைய காயிலைப் பிரிச்சு சுத்தை எண்ணினார், ஒரு காகிதத்துல கணக்குப் போட்டார். வோல்ட்டை சைக்கிளால வகுத்தா முன்னாடி ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மி, இப்போ நாலு புள்ளி ஆறு, ஆக சுத்து 2.4 மடங்கு வேணும், கம்பி அதுக்கேத்த மாதிரி சன்னமா. கணப்புக்குக் கீழ இருக்கப் போறதால 180 டிகிரி தாங்கற எனாமல் கம்பியும் ஸ்லீவும் போடறேன்னார், ப்ரொடெக்டரையும் புதுசா வச்சுக் கட்டினார். நான் இருக்கற ஊர்ல இவ்வளவு சின்ன மோட்டாரை யாரும் கட்டித் தர மாட்டாங்க, குப்பைல போட்டுட்டுப் புதுசு வாங்குன்னுதான் சொல்லுவாங்க.

மறுநாள் போனப்போ மேஜை மேல ஓடிக்கிட்டு இருந்துது, ஆனா அவர் முகம் சரியில்ல. கையை ப்ளோயர் வாய்கிட்ட வச்சுப் பார்த்து, "கடைப் பையன் திருப்பிப் போட்டுட்டான்"ன்னார். உருளை மாதிரி கூண்டு விசிறி தலைகீழாச் சுத்தினாலும் காத்து அதே வாய் வழியாத்தான் வருமாம், ஆனா பலமே இருக்காது, அதனால பாதிப் பேர் மோட்டார் வீக்னு ஏமாந்துடுவாங்களாம். இந்த மாதிரி மோட்டார்ல இரும்போட ஓரத்துல செம்பு வளையம் ஒண்ணு இருக்கும், அது எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கமாத்தான் சுத்தும். கழட்டி ஸ்டேட்டரை, அதாவது சுத்தாம நிக்கற அந்த இரும்பை, திருப்பிப் போட்டார், புஷ்ஷுல ஒரு சொட்டு எண்ணெய் விட்டார், திரும்ப ஓட விட்டதும் மேஜைல இருந்த காகிதம் பறந்துச்சு. அரை மணி நேரம் ஓட்டிட்டு என் கையைப் பிடிச்சு மோட்டார் மேல வைக்கச் சொன்னார். சூடு இருந்துச்சு, ஆனா கையை எடுக்கத் தோணல.

கூலி அவர் கேட்டதுக்கு மேல குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டார்.

மாட்டறதுக்கு எலக்ட்ரீஷியன் தம்பியே வந்தார். பழைய ஸ்பீட் ரெகுலேட்டர் 120க்கானது, அதைக் கழட்டிட்டு ஒரே வேகம்னு வச்சோம். டிஸ்க் மேல 250 வோல்ட்னு அச்சடிச்சிருந்துது, அதனால அது அப்படியே. நான் பிடிவாதமா நின்னது எர்த்துக்கு மட்டும். அந்தச் சுவர்ல ப்ளக் பாயிண்ட் மூணு ஓட்டை இருந்துச்சே தவிர பின்னாடி எர்த் ஒயரே இல்ல, இரும்புப் பெட்டி அது, பெரியவங்க கை வைக்கற பொருள், புது ஒயர் இழுத்து பெட்டியோட உடம்புல ஸ்க்ரூ போட்டுக் கட்டின பிறகுதான் ஸ்விட்ச் போட விட்டேன். ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் படுக்கற அறை வாசல்ல மாட்டியாச்சு.

கிளம்பறதுக்கு முன்னாடி அஞ்சு ராத்திரி பார்த்தேன். முப்பது நிமிஷம் முன்னப் பின்ன டக்னு சத்தம் வரும், தீ தணியற வரைக்கும் நிக்காம ஓடும். அம்மா நாற்காலியைக் கணப்பைவிட்டு நாலடி தள்ளிப் போட்டுக்கிட்டாங்க, முன்னாடி ஒட்டி உக்காந்திருந்தவங்க. அந்த நோட்டை அங்கயே வச்சுட்டு வந்திருக்கேன், தினம் ராத்திரி ஓடின நேரமும் நின்ன நேரமும் அப்பா எழுதி போட்டோ எடுத்து அனுப்பணும்னு சொல்லியிருக்கேன். நேத்து வந்ததுல 7.10, 10.45ன்னு இருந்துச்சு. கீழ அம்மா எழுத்துல, "நிஜமாவே ஓடிச்சு".