எண்ணெயின் தாய்ப்பாறையைத் தேடி: ஓர் ஆய்வகச் சேவை குறித்து
காவிரிப் படுகையின் கச்சா எண்ணெய் ஒன்றையும், அப்படுகையில் எண்ணெய் பிறந்த முக்கிய மூலப்பாறையாகக் கருதப்படும் ஆண்டிமடம் படிவத்திலிருந்து, கிணறு துளையிடும்போது வெளிவந்த களிப்பாறைத் துணுக்குகளையும் ஒப்பிடுவதற்காக ஒரு தனியார் புவிவேதியியல் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தோம். பாறையைப் பொடித்துக் கரைப்பானில் இறக்கிய சாற்றில் உள்ள ஹோப்பேன், ஸ்டெரேன் (பண்டைய உயிரினங்கள் விட்டுச்சென்ற வேதித் தடயங்கள்) ஆகியவற்றின் வரைபடங்களை எண்ணெயின் வரைபடங்களுக்கு நேர்கீழே ஒரே அளவுகோலில் அச்சிட்டிருந்ததால், அவற்றைக் காட்டும் 191, 217 நிறை எண் அயனிகளின் முகடுகளை விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட முடிந்தது. ஒலியனேன் தென்படாததை மட்டும் கொண்டு பாறையின் வயதை முடிவு செய்யாத நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. பூக்கும் தாவரங்கள் தரும் அச்சேர்மம், நிலத்தாவரப் பொருள் சேராத இளம் பாறைகளிலும் இல்லாமல் போகலாம்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். துணுக்குகளில், துளையிடும்போது கிணற்றில் செலுத்தும் சேற்றின் டீசல் கலந்திருப்பதை முன்கூட்டியே எழுதித் தந்திருந்தும், மூலப்பாறை படிந்த சூழலைக் கணிக்க உதவும் பிரிஸ்டேன், ஃபைட்டேன் என்ற இரு ஹைட்ரோகார்பன்களின் விகிதத்தை எந்த எச்சரிக்கையுமின்றி அட்டவணையில் சேர்த்திருந்தார்கள். அவ்விரண்டும் டீசலிலும் உண்டு. கனமான ஹோப்பேன்கள் அதில் ஏறக்குறைய இருப்பதில்லை என்பதால்தான் மற்ற ஒப்பீடுகள் தப்பின. சுட்டிக்காட்டியதும் மறுக்காமல் அறிக்கையைத் திருத்தித் தந்தார்கள். அடுத்த முறையும் இவர்களிடமே அனுப்புவேன், ஆனால் துணுக்குகளை அல்ல, கிணற்றிலிருந்து உருளையாக வெட்டியெடுத்த கோர் மாதிரியை.