ஆர்பிஎல்ல சர்டிஃபிகேட் வாங்கித் தர்றோம்னு வர்றவங்ககிட்ட உஷாரா இருங்க (டர்பன் மக்களுக்கு)

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் இருக்கிறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. எங்க அண்ணி பல வருஷமா ஒரு கிரெஷ்ல சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறாங்க, வேலை அத்துப்படி, சர்டிஃபிகேட் மட்டும்தான் இல்ல. வேலையில கத்துக்கிட்டதை மதிப்பிட்டு க்ரெடிட் குடுக்கிற ஆர்பிஎல் முறையில, மெட்ரிக்குக்கு அடுத்த படியான லெவல் 5 சர்டிஃபிகேட் வாங்கித் தர்றோம், கிளாஸுக்கே வர வேணாம், கண்டிப்பா பாஸ்னு ஒரு பிரைவேட் காலேஜ்காரங்க வாட்ஸ்அப்ல வந்தாங்க. 9,500 ராண்ட், பாதி ரிஜிஸ்ட்ரேஷனுக்கு, மீதி ஃபைல் குடுக்கும்போது.

அந்த ஃபைலுக்கு அண்ணி ராத்திரி ராத்திரியா உட்கார்ந்தாங்க. பாடம் நடத்துன பிளான், பசங்க வரைஞ்ச படம், பேரண்ட்ஸ் எழுதிக் குடுத்த லெட்டர், ஒவ்வொண்ணுக்கும் பிளாஸ்டிக் கவர், கடைசியா சுத்தி செலோடேப். சர்டிஃபிகேட்டோட ஃபைல் திரும்பி வந்தப்ப அந்த டேப் ஒட்டுனபடியே இருக்கு, பிரிக்கவே இல்ல! அசெஸ்ஸர்னு (மதிப்பிடுறவர்) ஒருத்தர் ஃபோன் பண்ணல, கிரெஷ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல, ஆனா பேப்பர்ல 120 க்ரெடிட்னு அச்சடிச்சிருக்கு. இங்க ஒரு க்ரெடிட்னா 10 மணி நேரப் படிப்பு, அப்போ 1,200 மணி நேரத்துக்கான அறிவு அண்ணிக்கு இருக்குன்னு ஃபைலைத் தொறக்காமலே யார் முடிவு பண்ணது?

கிரெஷ் பிரின்சிபல் அந்த சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்க சாக்வாவுக்கு (படிப்புத் தகுதிகளைப் பதிவு பண்ணி வெச்சிருக்கிற தென்னாப்பிரிக்க அமைப்பு) அனுப்பினாங்க, அப்படி ஒரு பதிவே இல்லன்னு பதில் வந்துச்சு. அண்ணி ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அவங்க எதுவும் தப்பு பண்ணல, ஆனாலும் பயம், ஏன்னா போலி தகுதியைத் தெரிஞ்சே காட்டுனா 5 வருஷம் வரைக்கும் ஜெயில்னு தேசியத் தகுதிக் கட்டமைப்புச் சட்டத்தோட 2019 திருத்தத்துல இருக்கு.

எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா ஆர்பிஎல் நிஜமாவே நல்ல விஷயம். 1995 சாக்வா சட்டத்துலயே, கல்வியில முன்னாடி நடந்த பாகுபாட்டைச் சரி பண்றது ஒரு நோக்கம்னு எழுதியிருந்துச்சு. அபார்ட்ஹைட் (நிறவெறி ஆட்சி) காலத்துல படிக்க வழியில்லாம வேலைக்குப் போன நம்ம பெரியவங்க மாதிரி ஆளுங்களுக்குத் திறந்த கதவு இது, அந்த வாசல்லயே நின்னு காசு பிடுங்குறானுங்க.

நிஜ ஆர்பிஎல்ல அசெஸ்ஸர் உங்க ஃபைலைப் படிப்பாரு, கேள்வி கேப்பாரு, தேவைன்னா வேலையைச் செஞ்சு காட்டச் சொல்லுவாரு, பத்தலைன்னா பத்தலைன்னுதான் சொல்லுவாரு. நீங்க கட்டுறது மதிப்பீட்டுக்கான காசு, சர்டிஃபிகேட்டுக்கான விலை இல்ல. யுனிவர்சிட்டி மட்டத்துல ஒரு கோர்ஸ்ல சேர்றவங்கள்ல 10 சதவீதத்துக்கு மேல ஆர்பிஎல்ல எடுக்கக் கூடாதுன்னு உயர்கல்வி கவுன்சில் 2016லயே சொல்லிருச்சு, அதனால எல்லாருக்கும் டிகிரி சீட் உறுதின்னு எவனாச்சும் சொன்னா அங்கயே எழுந்து வந்துருங்க. காசு கட்டுறதுக்கு முன்னாடி உயர்கல்வித் துறையோட ரிஜிஸ்டர்ல காலேஜ் பேரைத் தேடுங்க, தொழில் சார்ந்த படிப்புன்னா க்யூசிடிஓ (தொழில் படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்கிற அமைப்பு) அனுமதி நம்பர் கேளுங்க, அந்த அனுமதி நீங்க சேர்ற படிப்புக்கே இருக்கான்னும் பாருங்க, வேற ஏதோ படிப்புக்கு வாங்குன நம்பரைக் காட்டுனா ஒத்துக்காதீங்க.

போலீஸ்ல கேஸ் நம்பர் வாங்கியாச்சு. காசைத் திருப்பிக் கேட்டு 14 நாள் டைம் குடுத்து லெட்டர் அனுப்பியிருக்கோம், வரலைன்னா ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்தான், 20,000 ராண்ட் வரைக்கும் வக்கீல் இல்லாமலே கேக்கலாம். இதே மாதிரி ஆளுங்ககிட்ட காசு கட்டினவங்க இருந்தா ஸ்லிப்பையும் வாட்ஸ்அப் மெசேஜையும் அழிக்காம வெச்சுக்கிட்டு எனக்கு இன்பாக்ஸ்ல எழுதுங்க, சேர்ந்தே போலாம்.