பள்ளத்தூரிலிருந்து மிச்சிகனுக்கு ஓட்டுப் போட்டேன்: எஃப்.வி.ஏ.பி. சேவை பற்றி என் அனுபவம்

எனக்குப் பள்ளத்தூரில் ஓட்டு கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் மிச்சிகனில் இருந்து, அங்கேயே குடியுரிமை வாங்கி, வீட்டுக்காரர் தவறிய பிறகு பிறந்த ஊருக்குத் திரும்பியவள் நான். கையில் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருகிற அட்டை, இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இங்கே ஆயுசுக்கும் இருக்கலாம், ஆனால் ஓட்டுச்சாவடிக்குள் போக முடியாது. என் ஓட்டு இன்னும் மிச்சிகனில்தான்.

அந்த ஓட்டை இங்கிருந்து போட உதவுவது எஃப்.வி.ஏ.பி. என்ற இலவச சேவை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நடத்துகிறது. படைவீரர்களுக்கு மட்டும்தான் என்று நான் பல நாள் நினைத்திருந்தேன். வெளிநாட்டில் குடியிருக்கும் எந்த அமெரிக்கக் குடிமகனுக்கும் இது உண்டு. 1986-ல் வந்த சட்டம் இந்த உரிமையை உறுதிப்படுத்தியது. வாக்குச் சீட்டைத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே அனுப்பிவிட வேண்டும், கேட்டால் மின்னஞ்சலிலும் தர வேண்டும் என்பதெல்லாம் 2009-ல் சேர்ந்தது. இணையதளத்தில் நம் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, கேட்கிற விவரங்களை நிரப்பினால் விண்ணப்பம் தயாராகிவிடுகிறது. கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, அமெரிக்காவில் நாம் இருந்த ஊரில் தேர்தல் வேலையைப் பார்க்கிற எழுத்தருக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாக அனுப்புவது நல்லது.

2024 ஜனவரி முதல் வாரம் நானும் அனுப்பினேன். ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டேன்: எந்தக் கட்சியின் வாக்குச் சீட்டு வேண்டும்? மிச்சிகனில் வாக்காளர் பட்டியலில் கட்சியைப் பதிவு செய்வதில்லை, அதனால் தேவைப்படாது என்று நினைத்தேன். ஆனால் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரி என்ற முதல்கட்டத் தேர்தலுக்கு மட்டும் ஏதாவது ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். எழுத்தர் அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது, ஜனநாயகக் கட்சி என்று எழுதி மறுபடி அனுப்பினேன். மிச்சிகன்காரர்கள் அந்தக் கட்டத்தை மறக்காதீர்கள்.

போகிக்கு முதல் நாள், பிப்ரவரி 27-ம் தேதி பிரைமரிக்குச் சரியாக 45 நாள் இருக்கும்போது, சீட்டு மின்னஞ்சலில் வந்துவிட்டது. வீடு முழுக்க வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. வளவில் பாத்திரமெல்லாம் இறக்கி வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்து போனில் திறந்து பார்த்தேன். அப்போது அதிபராக இருந்த பைடன், அவரை எதிர்த்த டீன் பிலிப்ஸ், மேரியான் வில்லியம்சன், கடைசியில் ‘அன்கமிட்டட்’. யாருக்கும் கட்டுப்படவில்லை என்று பொருள்.

நான் அந்தக் கட்சிக்காக டெட்ராய்ட் பக்கம் வீடு வீடாகக் கதவு தட்டியவள். 2020-ல் பைடனுக்குத்தான் போட்டேன், மனம் நிறைந்து போட்டேன். இஸ்ரேலுக்கு அவர் துணை நின்ற போரில் காசாவில் தினமும் பிள்ளைகள் சாகிற செய்தியைப் பார்த்துவிட்டு அதே பெயருக்கு நேரே குறி போட என் கை போகவில்லை. எதிர்க்கட்சிக்குப் போகிற எண்ணமும் இல்லை. கட்சியை விடாமல் கட்சித் தலைமையிடம் ‘இது எனக்குச் சம்மதமில்லை’ என்று சொல்ல எனக்கு இருந்தது அந்தக் கடைசி வரி ஒன்றுதான்.

அந்த வரிதான் அச்சில் வெட்டுப்பட்டது. சீட்டு நீளமான அமெரிக்கத் தாளுக்கு அமைத்தது. காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏ4-ல் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பிலிப்ஸ், வில்லியம்சன் எல்லாம் இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. பக்கத்துக்குள் அடங்கும்படி அளவைக் குறைத்து எடுக்கச் சொன்னேன், அப்புறம் சரியாக வந்தது. நீங்களும் கடைசி வரி வரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

மிச்சிகனுக்கு என் போன்றவர்கள் குறி போட்ட சீட்டைத் தாளாகத்தான் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், எஃப்.வி.ஏ.பி. தளத்தில் கிடைக்கும் உறை மாதிரியை ஒட்டினால் தபால் செலவு இல்லை. ஆனால் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். பல்லவன் ரயிலில் போய்த் திரும்புகிற அலைச்சலும் எனக்கு ஒத்துவராது. ஒரு கூரியர் கடையில் கேட்டேன். “தேர்தல் பேப்பரெல்லாம் எடுக்க மாட்டோம்மா” என்று திருப்பிவிட்டார்கள். காரைக்குடி தலைமை அஞ்சலகத்தில் ஸ்பீடு போஸ்ட்டில் போட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் முகவரியை இரண்டு முறை வாசித்துச் சரிபார்த்தது. பிப்ரவரி இரண்டாம் வாரம் மிச்சிகன் மாநிலத் தளத்தில் பார்த்தேன், ‘பெறப்பட்டது’ என்று இருந்தது. அன்று காலைப் பலகாரம் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நான் குறி போட்டபோது இதற்கு ஓர் இயக்கம் வரும் என்று தெரியாது. பிப்ரவரியில்தான் மிச்சிகனில் ‘அன்கமிட்டட்’ என்று போடச் சொல்லிப் பிரசாரம் தொடங்கியது. 27-ம் தேதி எண்ணி முடித்தபோது ஒரு லட்சத்துக்கு மேல், 13 சதவீதம். பைடன் 81 சதவீதம் வாங்கி வென்றார். வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்கு மிச்சிகனிலிருந்து போகிற 117 பிரதிநிதிகளில் இரண்டு பேர் எங்கள் பக்கம். மே மாதம் இண்டியானாவில் இருக்கும் என் தம்பி கூப்பிட்டான். அவன் குடியரசுக் கட்சி. அந்தக் கட்சியில் டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலி போட்டியிலிருந்து விலகி இரண்டு மாதம் ஆகியும் அவருக்கே போட்டுவிட்டு வந்தேன் என்றான். அங்கே அவருக்கு 21 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. எங்கள் இருவருக்கும் இருபது வருடமாக அரசியலில் ஒத்துப்போனதில்லை, அன்று ஒரு மணி நேரம் பேசினோம்.

பக்கத்து வீட்டுத் தம்பி இங்கே ஒரு கட்சியில் முப்பது வருடமாக இருப்பவர். கொடி கட்டி, சுவர் பிடித்து, பூத்தில் உட்கார்ந்தவர். “எங்க வேட்பாளர் யாருன்னு நானே டிவியில பார்த்துத்தான் ஆச்சி தெரிஞ்சுக்குவேன்” என்பார். என் சீட்டைப் பற்றிச் சொன்னதும், “நோட்டா மாதிரியா?” என்று கேட்டார்.

அப்படியில்லை என்றேன். நோட்டா 2013-ல் வந்தது. அது எல்லாக் கட்சிக்கும் சேர்த்துச் சொல்கிற மறுப்பு, எவ்வளவு விழுந்தாலும் அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர் ஜெயித்தவர்தான். இது சொந்தக் கட்சிக்காரர்கள் கட்சிக்குள் போடுகிற ஓட்டு. போதிய அளவு விழுந்தால் மாநாட்டில் ஆளும் கிடைக்கும். 1968-ல் வியட்நாம் போர் நடக்கும்போது நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் அதிபர் ஜான்சன்தான் வென்றார், ஆனால் அவரை எதிர்த்த மெக்கார்த்திக்குச் சொந்தக் கட்சிக்காரர்களே 42 சதவீதம் போட்டார்கள். அந்த மாதக் கடைசியில் ஜான்சன் தான் மறுபடி நிற்கவில்லை என்று அறிவித்துவிட்டார்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. “நாங்க கோபப்பட்டா வீட்டுல படுத்துக்குவோம், இல்லேன்னா சுயேச்சையா நிப்போம்” என்றார்.

எனக்கு அப்பச்சி (என் அப்பா) நினைவு வந்தது. பிறந்ததிலிருந்து காங்கிரஸ். 1996-ல் நரசிம்ம ராவ் அ.தி.மு.க.வோடு கூட்டணி வைத்தபோது மூப்பனார் வெளியேறித் த.மா.கா. தொடங்கினார். சிவகங்கையில் ப.சிதம்பரம் சைக்கிள் சின்னத்தில் நின்று வென்றார். அப்பச்சியும் சைக்கிளுக்குத்தான் போட்டார்கள். போட்டுவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்களாம், ஆத்தா போனில் சொன்னது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல அப்பச்சி கட்சியையே விட வேண்டியிருந்தது.

நவம்பரில் இதே சேவை மூலம் மறுபடி ஓட்டுப் போட்டேன், ஜனநாயகக் கட்சிக்கே. அதற்குள் பைடன் விலகி கமலா ஹாரிஸ் வந்திருந்தார். கட்சி மிச்சிகனில் ஏறக்குறைய 80,000 ஓட்டில் தோற்றது. “உங்களை மாதிரி ஆளுங்களாலதாம்மா” என்று மகன் சிகாகோவிலிருந்து கோபப்பட்டான். அவனுக்கு நான் சொன்னது: பிப்ரவரியில் நாங்கள் சொன்னதைக் கேட்டிருக்க அவர்களுக்கு எட்டு மாதம் இருந்தது. இன்றும் அதைத்தான் சொல்வேன்.

சேவைக்கு ஐந்தில் நாலரை நட்சத்திரம் தருகிறேன். அரை நட்சத்திரம் குறைத்தது தாள் அளவுக்காக. ஏ4-ல் எப்படி அச்சடிப்பது என்று விளக்கமாகச் சொல்லியிருக்கலாம், உலகத்தில் பெரும்பாலானவர்கள் ஏ4-தான் வைத்திருக்கிறோம். சீட்டு நேரத்துக்கு வராவிட்டால் அதே தளத்தில் மாற்றுச் சீட்டு ஒன்று இருக்கிறது, பெயரை நாமே எழுதி அனுப்பலாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

வெட்டுப்பட்ட முதல் அச்சை நான் கிழிக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டார் என்று நல்ல அச்சின் நகல் ஒன்றையும் அதோடு சேர்த்துக் கொடுத்தேன். கட்சி ஆபீசில் நாலு பேரிடம் காட்ட வேண்டுமாம்.